பக்கத்துக் காணி மாடு உள்ளே வராமல் வேலி அடைப்பது எப்படி?

காலபோகத்துக்கு, அதாவது மாரி மழையோடு செய்யும் பெரும்போகத்துக்கு, விதைத்த பிறகு இலங்கையின் வடக்கே வன்னியில் மாட்டுக்கு மேய இடம் தேடுவது பெரும்பாடு. அரிவு வெட்டு முடிந்த வயலில் அவிழ்த்துவிட்டுப் பழகிய மாடு, பயிர் நிற்கிற மாதத்திலும் அதே வழியால்தான் வரும். அதனால் பக்கத்துக் காணிக்காரரோடு சண்டைக்குப் போக முதல் கீழே உள்ள வேலைகளைச் செய்து பாருங்கள்.

1. பொட்டைக் கண்டுபிடியுங்கள்

விடியவே, வெயில் ஏற முதல், வேலியைச் சுற்றி ஒருமுறை நடவுங்கள். மாடு கண்ட இடமெல்லாம் வேலி பாயாது. ஒரு பொட்டு, அதாவது வேலியில் நுழையக்கூடிய ஓர் இடைவெளி, கிடைத்தால் அதையேதான் பாவிக்கும். குளம்படி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, சாணம் ஈரமா என்று பாருங்கள். முள்ளுக்கம்பியில் மயிர் சிக்கியிருக்கும். அது சிவலையா கறுவலா என்று பார்த்தாலே யாருடைய மாடு என்பது பாதி தெரிந்துவிடும். தின்ற பயிரையும் பொட்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள். மழை பெய்தால் தடம் கரைந்துவிடும்.

2. போய்க் கதையுங்கள்

“அண்ணை, உங்கட சிவலைப் பசு இரவு எங்கட கச்சானுக்குள்ள வந்திட்டுது. ஒருக்கா வந்து பாருங்கோவன்.” இவ்வளவும் போதும். படத்தைக் காட்டுவதை விட ஆளையே கூட்டி வந்து காட்டுவது நல்லது. வேலி எல்லையில் இருந்தால் கம்பி ஒருவர், கட்டை ஒருவர் என்று பிரித்துக்கொள்ளலாம். பால் மாடு என்றால் பின்னேரத்தில் கன்றை வீட்டில் கட்டி வைக்கச் சொல்லுங்கள். கன்று நிற்கிற இடத்துக்குத் தாய் திரும்பி வரும்.

3. மூலைக்கட்டை

கம்பி இழுப்பது எல்லோருக்கும் தெரியும். இழுத்த கம்பி அடுத்த மாரிக்கே தொய்வதற்குக் காரணம் மூலைக்கட்டைதான். கம்பியின் இழுவை முழுவதையும் அந்தக் கட்டைதான் தாங்குகிறது. மழையில் மண் இளகினால் அது உள்பக்கம் சாயும், கம்பி தொய்யும், மாடு தலையை விட்டு நெம்பும்.

மூலைக்குப் பச்சைக் கதியால் (நட்டால் வேர்விட்டுத் துளிர்க்கும் உயிர்வேலிக் கட்டை) நடாதீர்கள், வேர் பிடிக்கும் மட்டும் அது எதையும் தாங்காது. பட்ட பாலைக்கட்டை அல்லது கொங்கிறீற் தூண் போடுங்கள். குழி மூன்றடி ஆழம் இருக்கட்டும். மண்ணை ஒரேயடியாகக் கொட்டி மூடாமல், அரையடிக்கு ஒருமுறை அலவாங்கின் (கடப்பாரையின்) அடியால் இடித்து இறுக்குங்கள். பிறகு கம்பி ஓடும் பக்கமாக, ஒவ்வொரு திசைக்கும் ஒரு சாய்வு முட்டுக் கொடுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கம்பியைத் தொட வேண்டும்.

இடையில் கிளுவைக் கதியால் போதும். ஐப்பசி மழையோடு நட்டால் பிடித்துவிடும். மாட்டுக்கு நான்கு வரிக் கம்பி குறைந்தபட்சம், ஐந்து என்றால் நிம்மதி. கதியாலில் கட்டுக்கம்பியைச் சுற்றி முறுக்காதீர்கள். மரம் பருக்கும்போது கம்பி பட்டையை வெட்டி, அதற்கு மேலே காய்ந்துபோகும். யூ ஆணியைக் கொஞ்சம் தளர்வாக அடித்தால் போதும். பழைய சேலை கட்டும் ஆட்களும் உண்டு. மாட்டுக்கு அது வாசல் திரைச்சீலை மாதிரி, விலக்கிக்கொண்டு வந்துவிடும்.

4. அதற்குப் பிறகும் வந்தால்

மாட்டைப் பிடித்து நிழலில் கட்டி, தண்ணீர் வையுங்கள். உரிமையாளருக்கும் விதானையாருக்கும் (கிராம அலுவலருக்கும்) உடனே சொல்லுங்கள். அடித்துக் காயப்படுத்தினால் வழக்கு உங்கள் பக்கம் திரும்பும். வயல் என்றால் கமக்காரர் அமைப்புக்குப் போங்கள். கிளிநொச்சி இரணைமடு போன்ற பாசனக் குளங்களின் கீழ், மாடுகளை வயலிலிருந்து அகற்றும் திகதியைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே தீர்மானிப்பார்கள். அந்தத் திகதியைச் சொல்லிக் கேட்டால் பேச்சு சுருக்கமாக முடியும். கட்டாமல் திரிய விட்ட கட்டாக்காலி மாடுகளைப் பிரதேச சபை பிடித்தால் தண்டப்பணம் கட்டித்தான் மீட்க வேண்டும். நட்ட ஈட்டுக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது, சட்டத்தரணி பிடிக்கத் தேவையில்லை. கால்நடை அத்துமீறலுக்கென்று 1876இல் வந்த கட்டளைச் சட்டமும் உண்டு. ஆனால் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டிய அயலவரோடு நீதிமன்றம் கடைசி வழியாக இருக்கட்டும்.

வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுக்கிற வேலையை மட்டும் செய்யவே வேண்டாம். 230 வோல்ட் மாட்டையும் கொல்லும், பின்னேரம் பந்து எடுக்க வரும் பிள்ளையையும் கொல்லும். மின்வேலிதான் வேண்டுமென்றால் விட்டுவிட்டு அதிர்ச்சி கொடுக்கும் அதற்கென்ற கருவியை வாங்குங்கள். கோடையில் நிலம் காய்ந்தால் அதிர்ச்சி குறையும், எர்த் கம்பியின் அடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்.

பிந்திய சேர்க்கை: “நான்கு வரி அடித்தும் ஆடு வருகிறதே” என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஆட்டுக்கு இந்தக் கணக்கு சரிவராது, அது கீழால் நுழையும். நிலத்திலிருந்து இரண்டடி வரை கம்பி வலை அடியுங்கள், அல்லது பனைமட்டையை நெருக்கி வரியுங்கள். ஆட்டுக்காரர் சம்மதித்தால் ஆட்டின் கழுத்தில் முக்கோணமாகத் தடி கட்டிவிடலாம். செலவு ஒன்றுமில்லை. தடி கழுத்தை உரசாமல் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.