கணுக்கால் ஆறிய பிறகும் நிற்காத மாத்திரை: கல்லூரிக் கால்பந்து வீரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் பந்தாடும் மாணவர் ஒருவருக்குக் கணுக்கால் பிசகினாலோ முழங்கால் ஜவ்வு கிழிந்தாலோ, மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டை சில நாட்களிலேயே அவருடைய பூட்ஸ் பையின் பக்க அறைக்குள் குடியேறிவிடுகிறது. ஈரம் காயாத காலுறைக்கு அடியில் கிடக்கும் அந்த அட்டையில் ஆட்டத்துக்கு முன் ஒன்றும் ஆட்டம் முடிந்து ஒன்றுமாகக் குறைந்துகொண்டே வரும். பல ஆண்டுகளாக மாணவர் அணிகளோடு மைதானத்தில் நிற்பவன் என்ற முறையில், என் தவறையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

வலி மாத்திரை எல்லாம் ஒன்றுதான் என்று எண்ணுவதிலிருந்து சிக்கல் தொடங்குகிறது. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்றவை வீக்கத்தைக் குறைப்பவை. அளவு மீறினால் இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகத்துக்குக் கேட்டையும் உண்டாக்கும் என்றாலும் ஆளை அடிமையாக்குவதில்லை. டிராமடால், டேபென்டடால் ஆகியவையோ மூளையில் அபின் வேலை செய்யும் அதே இடங்களில் வேலை செய்பவை. டிராமடால் 2018-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. 2024 ஜனவரி முதல் போட்டி நேரத்தில் அதை உட்கொள்வதை உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையும் தடை செய்திருக்கிறது.

‘டாக்டர் எழுதியதுதானே’ என்ற தைரியம் அடுத்தது. ஐந்து நாளைக்கு எழுதிய சீட்டை ஐந்து வாரத்துக்கு நீட்டுவதும், விடுதியில் ஒருவருக்கு மிச்சமானதை இன்னொருவர் வாங்கிப் போட்டுக்கொள்வதும் மருத்துவர் சொல்லிச் செய்பவை அல்ல. அமெரிக்காவில் 1996-இல் விற்பனைக்கு வந்த ஆக்ஸிகான்டின் என்ற அபின் வகை வலி மாத்திரை அடிமையாக்கும் வாய்ப்புக் குறைவானது என்று சொல்லித்தான் மருத்துவர்களிடமே விற்கப்பட்டது. அப்படிச் சொல்லி விற்றது குற்றமென்று 2007-இல் அதைத் தயாரித்த நிறுவனத்தின் தரப்பே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, மாத்திரை இல்லாதபோது வரும் வலியைக் காயத்தின் வலி என்று நம்பிவிடுவது. அபின் வகை மாத்திரையைச் சில வாரங்கள் விடாமல் உட்கொண்டால் உடம்பு அதற்குப் பழகிப் பழைய அளவு போதாமல் போகிறது. பிறகு ஒரு வேளை தவறினாலும் கைகால் குடைச்சல், வியர்வை, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, மூக்கொழுகல், ஓயாத கொட்டாவி என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன. ஓர் ஆடி மாத மாலையில் எங்கள் தடுப்பாட்டக்காரர் கோட்டுக்கு வெளியே நின்று கொட்டாவி விட்டுக்கொண்டும் பனியன் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டும் இருந்தார். முன்கை மயிர் குத்திட்டு நின்றது. குற்றாலத்துப் பக்கமிருந்து வீசும் சாரல் காற்றுக்கு வந்த ஜலதோஷம் என்று நினைத்து அவரை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டேன். “கால் இன்னும் வலிக்கி சார்” என்றார். கணுக்காலை அழுத்திப் பார்த்தேன்; வீக்கமும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. வலி இரண்டு கெண்டைக்காலிலும் இருந்தது. அடிபட்டதோ ஒரு காலில். பிசகிய காலின் வலி பெரும்பாலும் அந்த இடத்தில்தான் இருக்கும், ஊன்றினால் கூடும். இந்தக் குடைச்சல் படுத்திருந்தாலும் விடாது, மாத்திரை உள்ளே போனதும் அடங்கிவிடும். அப்படி அடங்குவதையே காயம் ஆறவில்லை என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டு அவர் மறுபடி மருந்துக் கடைக்குப் போகிறார். அன்றைக்கு இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

தூக்க மாத்திரையையோ மதுவையோ அபின் வகை மாத்திரையோடு சேர்ப்பது மூச்சையே நிறுத்திவிடக்கூடியது. இதில் ‘கொஞ்சம்தான்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

விஷயம் தெரிந்ததும் பிள்ளையை அம்பாசமுத்திரத்துக்கோ களக்காட்டுக்கோ கூட்டிப் போய் அறையில் பூட்டி, ஒரே நாளில் நிறுத்திவிட நினைக்கும் பெற்றோரின் பதற்றம் புரிகிறது. ஆனால் அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரையும் பழக்கத்தில் இருந்திருந்தால், திடீரென நிறுத்துவது வலிப்பில் கொண்டுபோய் விடலாம். அப்படியே தாண்டி வந்தாலும், ஒரு மாத இடைவெளிக்குப் பிறகு பழைய அளவை உடம்பு தாங்காது. திரும்பி வந்த முதல் வாரத்தில் பழைய நினைப்பில் போட்டுக்கொள்வதுதான் உயிருக்கு ஆபத்து. ஆகவே அளவைப் படிப்படியாகக் குறைப்பதையும், தேவைப்பட்டால் மாற்று மருந்து கொடுப்பதையும் மருத்துவரே செய்ய வேண்டும்.

போலீஸ் வழக்காகிவிடுமோ என்று ஒளிப்பதும் வேண்டாத வேலை. தானாக முன்வந்து சிகிச்சை பெறுபவருக்கு, சிறு அளவு தொடர்பான குற்றங்களில் விலக்களிக்கப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு வழி வைத்திருக்கிறது. பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். போகும்போது பூட்ஸ் பையைக் கவிழ்த்து, காலி அட்டைகள் உட்பட எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த மாத்திரை, ஒரு நாளைக்கு எத்தனை என்பதை வைத்துத்தான் அங்கே குறைக்கும் அளவைக் கணக்கிடுவார்கள், பையன் வாயால் சொல்லும் எண்ணிக்கை பெரும்பாலும் பாதியாகத்தான் இருக்கும்.