விக்கல் நிற்கவில்லையா? முதலில் மூச்சு, அப்புறம் தண்ணீர்

சென்னை பாரிமுனைப் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிடப் போனால் என் மகனுக்கு விக்கல் நிச்சயம். மிளகாய்த்தூள் தூக்கலாகப் போடச் சொல்லி அவசரமாக அள்ளிப் போடுவான். மேலே சுடச்சுட வாழைத்தண்டு சூப் வேறு. "யாரோ நினைக்கிறாங்கடா" என்பார் என் மாமியார். வேகவேகமாகச் சாப்பிட்டு வயிறு உப்பும்போது, அதற்கு மேலே இருக்கும் உதரவிதானம் என்ற தசை வெடுக்கென்று சுருங்கும். காற்று உள்ளே பாயும், உடனே தொண்டைக்குள் குரல்நாண்கள் மூடிக்கொள்ளும். அந்தச் சத்தம்தான் விக்கல்.

சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்காருங்கள்.

படி 1: ஆழமாக மூச்சை இழுத்து, வாயை மூடி, மனதுக்குள் பத்து எண்ணி மெதுவாக விடுங்கள். மூன்று நான்கு முறை செய்யலாம், தலை சுற்றினால் விட்டுவிடுங்கள். நடுவில் ஒரு விக்கல் வந்தால் பலரும் மூச்சை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், எண்ணிக்கொண்டே இருங்கள். அடக்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு கூடும், அதுதான் விக்கலைத் தணிக்கிறது.

படி 2: குளிர்ந்த தண்ணீர், பானைத் தண்ணீரே போதும். நாம் அண்ணாந்து குடித்துப் பழகியவர்கள். விக்கலோடு அப்படி ஊற்றினால் புரை ஏறும். டம்ளரில் வாய் வைத்து, லேசாகக் குனிந்து, சின்னச் சின்ன மடக்காகப் பத்து மடக்கு தொடர்ந்து விழுங்குங்கள்.

படி 3: ஒரு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்குங்கள். 1971-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த குறிப்பில், இப்படிச் சாப்பிட்ட 20 பேரில் 19 பேருக்கு விக்கல் நின்றிருக்கிறது. சுகர் உள்ளவர்களுக்கு இது வேண்டாம். முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்க்கலாம்.

கைக்குழந்தைக்கு இது எதுவுமே கூடாது. ஆறு மாதம் வரை தண்ணீர் கிடையாது, ஒரு வயது வரை தேன் நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள். தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் வரவையுங்கள். மாமியார் துணியிலிருந்து ஒரு நூலைப் பிரித்து, எச்சில் தொட்டு உச்சந்தலையில் ஒட்டுவார். ஒட்டட்டும், அதனால் கெடுதல் இல்லை, நூல் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி.

48 மணி நேரம் தாண்டியும் நிற்கவில்லையென்றால் கைவைத்தியத்தை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். விக்கலோடு நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், கைகால் மரத்துப்போதல் இருந்தால் 48 மணி நேரமெல்லாம் காத்திருக்கவே கூடாது. 108-ஐ அழையுங்கள். நம் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும்.