சுண்டிக்குளத்தில் பறவை பார்க்கச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாடைக்காற்றுத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்திலிருந்து ஆனையிறவுப் பக்கமாகவும் வடமராட்சி கிழக்கு வழியாகவும் சுண்டிக்குளத்துக்குச் செல்வோரின் தொகை கூடிவிடுகிறது. 1938 இல் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டு, 2015 இல் தேசியப் பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்ட இந்தக் கடனீரேரிக்கு ஆசையோடு செல்பவர்களே அறியாமல் அங்குள்ள உயிர்களுக்குத் தீங்கு செய்வதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, நல்ல படம் கிடைக்கும் என்று பூநாரைக் கூட்டத்தைக் கலைத்துப் பறக்கவிடுவது. பூநாரை தலையைக் கவிழ்த்து, சேற்றுநீரை அலகால் வடித்து, நுண்ணிய உயிர்களைச் சிறிது சிறிதாகவே உண்கிறது. மேலெழுவதற்கு அது தண்ணீரில் நெடுந்தூரம் ஓடவேண்டும்; காலை முழுவதும் மேய்ந்து சேர்த்த வலுவை ஒரு படத்துக்காக நாம் செலவழிக்க வைக்கிறோம். மேய்கின்ற பறவைகள் தலையை நிமிர்த்தி ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் நாம் ஏற்கெனவே மிதமிஞ்சி நெருங்கிவிட்டோம் என்பதே பொருள். ட்ரோன் பறக்கவிட்டாலோ, பருந்தைக் கண்டதுபோல் கூட்டம் முழுவதுமே சிதறிவிடும்.

பூநாரையை மட்டும் தேடுவதும் தவறுதான். உலகளவில் இப்பூநாரை அழிவின் விளிம்பில் இல்லை. அதன் காலடியில் ஓடித்திரியும், பலர் ஏறெடுத்தும் பாராத சிறிய உள்ளான்களுக்குத்தான் ஆபத்து. சைபீரியாவின் வடகோடியில் முட்டையிட்டு, பனிக்காலத்தை எம் கரைகளில் கழிக்கும் வளைமூக்கு உள்ளானை 2024 இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தனது செம்பட்டியலில் அழிவாபத்துள்ள இனங்களோடு சேர்த்தது. பங்குனி, சித்திரையில் திரும்பிப் போகுமுன் அது உடலில் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும். அந்த வாரங்களில் சேற்றுத்திடலில் நடந்து அதனை அடிக்கடி எழுப்புவது, நெடும்பயணத்துக்கான கட்டுச்சோற்றைப் பறிப்பதற்குச் சமம். பூநாரையை நோக்கிச் சேற்றில் இறங்குபவர் இவற்றை மிதிக்காத குறையாகக் கலைத்துக்கொண்டே போகிறார். கரையில் நின்று தொலைநோக்கியால் பார்த்தால் இரண்டையுமே நிம்மதியாகக் காணலாம்.

சாப்பாட்டு மிச்சத்தையும் பொலித்தீனையும் விட்டுவருவதால் கட்டாக்காலி நாய்களும் காகங்களும் அங்கே பெருகுகின்றன. பின்னர் அவை முட்டைகளையும் குஞ்சுகளையும் தேடித் தின்கின்றன.

கோடையில் பறவைகள் போய்விட்டன என்றெண்ணி, வற்றிய தரையில் மோட்டார் சைக்கிள் ஓடுவதை நான் மிகவும் அஞ்சுகிறேன். 2023 இல் தனி இனமாக அங்கீகரிக்கப்பட்ட அனுமான் உப்புக்கொத்தி என்னும் சிறு கரைப்பறவை, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது. எங்கும் வலசை போகாமல் எம்மோடேயே இருப்பது. வெறும் உவர்மண்ணில் சிறு குழிதான் அதன் கூடு. மண்ணின் நிறமும் புள்ளியும் கொண்ட முட்டைகள் சில்லுக்கடியில் நொறுங்கினாலும் ஓட்டுநருக்குத் தெரியவராது. தாயை நெடுநேரம் விரட்டிவைத்தால், நிழலின்றி உச்சிவெயிலில் முட்டைக்குள்ளேயே கரு வெந்துவிடும். வாகனத்தைப் பாதையிலேயே நிறுத்துங்கள். நடந்துசெல்லும்போது ஒரு சிறு பறவை செட்டை ஒடிந்ததுபோல் இழுத்திழுத்து உங்கள் முன்னால் ஓடினால், கூடு உங்கள் காலடிக்கு மிக அண்மையில் இருக்கிறது. அதனைத் தேடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பிவிடுங்கள்.