கையடக்க பிளேயரில் ஆப்-ஆம்ப் மாற்றுவது எப்படி: முதலில் மல்டிமீட்டர், பிறகு காது

சில கையடக்க மியூசிக் பிளேயர்களில், ஒலிச் சமிக்ஞையைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் சிப் பலகையில் பற்றவைக்கப்படாமல், எட்டுக் கால் சாக்கெட்டில் செருகியிருக்கும். இந்த விளக்கம் அந்த வகைக்கு மட்டும். மூடியைத் திறந்ததும் சாக்கெட் இல்லையென்றால் அப்படியே மூடிவிடுங்கள்.

சிப்பை மாற்றினால் சத்தம் அதிகரிக்காது, பாஸும் பெருகாது. எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்பதைச் சிப்பைச் சுற்றியுள்ள மின்தடைகள்தான் தீர்மானிக்கின்றன. சிப்போடு மாறுபவை வேறு: இரைச்சல், ஹெட்ஃபோனுக்குத் தர முடிந்த மின்னோட்டம், ஒலியோடு வெளியே கசியும் டிசி (நேர்மின்னழுத்தம்), சுற்று நிலையாக நிற்கிறதா என்பது. "இந்தச் சிப் இனிமை, அந்தச் சிப் கூர்மை" என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்த நான்கில் ஏதோ ஒன்றின் விளைவு.

வாங்கும் முன் அளக்க வேண்டியது

பிளேயரை ஆன் செய்து, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை 8-ஆம் காலிலும் கறுப்பு முனையை 4-ஆம் காலிலும் தொடுங்கள். சிப்பின் பள்ளம் மேலே இருக்கும்படி பார்த்தால் வலது மேல் மூலை 8, இடது கீழ் மூலை 4; இரண்டும் எதிரெதிர் மூலைகள் என்பதால் கண்டுபிடிப்பது எளிது. முனை வழுக்கிப் பக்கத்துக் காலைத் தொட்டால் சுற்று போய்விடும், ஆகவே கை நிதானம் முக்கியம்.

கிடைக்கும் எண்ணை வைத்தே சிப்பைத் தேர்வு செய்ய வேண்டும். ஓபிஏ2134 மொத்தம் 5 முதல் 36 வோல்ட் வரை வேலை செய்யும். எல்எம்4562-க்கு 5 முதல் 34. ஏடி8397-க்கு 3 முதல் 24. ஓபிஏ2604-க்குக் குறைந்தது 9 வேண்டும். உங்கள் பிளேயர் 5 வோல்ட்தான் தருகிறது என்றால் ஓபிஏ2604 எவ்வளவு பேர்பெற்ற சிப்பாக இருந்தாலும் கரகரக்கத்தான் செய்யும்.

அடுத்தது மின்னோட்டம். 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு 1 வோல்ட் ஏசி (மீட்டர் காட்டும் ஆர்எம்எஸ் அளவு; உச்சம் 1.4 வோல்ட்) கொடுக்க, உச்சத்தில் 44 மில்லியாம்பியர் தேவை. என்இ5532, ஓபிஏ2134 இரண்டும் 40 மில்லியாம்பியரை ஒட்டியே நின்றுவிடும். இவற்றுக்குப் பின்னால் மின்னோட்டத்தைக் கூட்டித் தரும் தனி பஃபர் சிப் இருந்தால் கவலை இல்லை. இல்லாவிட்டால் உறுமி மேளப் பதிவு ஒன்றைச் சத்தமாக வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு அடியின் முனையும் மழுங்கிக் கேட்கும். அந்த இடத்தில் என்ஜேஎம்4556, ஏடி8397 போன்றவை உண்மையாகவே வித்தியாசம் காட்டும். ஏடி8397 சும்மா இருக்கும்போதே சுமார் 17 மில்லியாம்பியர் இழுக்கும், என்இ5532-ஐப் போல ஏறக்குறைய இருமடங்கு. பேட்டரி நேரம் குறையும்.

சாக்கெட்டுக்கு இரட்டை வகைச் சிப் வேண்டும். ஓபிஏ134 ஒற்றை, ஓபிஏ2134 இரட்டை. ஒற்றையில் 7-ஆம் கால் மின்சாரம் வாங்குவது, இரட்டையில் அதே கால் ஒலி வெளியேறும் வாசல். மாற்றிச் செருகக்கூடாது.

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு மல்டிமீட்டர், சாக்கெட், கெபாசிட்டர் போன்ற சில்லறைச் சாமான்களுக்கு புடு பக்கத்து ஜாலான் பாசார் போதும். விலையுயர்ந்த சிப்களை மட்டும் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்குங்கள். இணையச் சந்தையில் பாதி விலைக்கு வருபவற்றில் எழுத்தைச் சுரண்டி மறுபெயர் அச்சடித்தவை நிறைய. பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு கறுப்பாக ஒட்டிக்கொண்டு வரும்.

கழற்றுவதும் செருகுவதும்

பிளேயரை ஆஃப் செய்தால் மட்டும் போதாது, பேட்டரி இணைப்பையே பிடுங்குங்கள். இரண்டு நிமிடம் காத்திருங்கள், கெபாசிட்டர்கள் வடியட்டும். பிறகு சிறிய தட்டை ஸ்க்ரூடிரைவரைச் சிப்புக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் விட்டு, ஒரு முனையில் கொஞ்சம், மறுமுனையில் கொஞ்சம் என்று நெம்புங்கள். ஒரே பக்கம் நெம்பினால் கால் வளையும். சிப்பின் பள்ளம் எந்தப் பக்கம் இருந்தது என்பதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் ஈரப்பதத்தில் பழைய சிப்பின் கால்கள் கருத்துப்போவது சகஜம். சாக்கெட்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். புதிய சிப் வந்ததும் தெளிவு கூடியதாகத் தோன்றுவதற்கு சில வேளை இந்தச் சுத்தமே காரணம்.

புதுச் சிப்பின் கால்கள் சற்று அகன்றிருக்கும். மேசைமேல் பக்கவாட்டில் வைத்து மெல்ல அழுத்தி நேராக்கி, பள்ளத்தைப் பழைய திசையில் வைத்துச் செருகுங்கள். திருப்பிச் செருகினால் 4-உம் 8-உம் இடம் மாறி மின்முனை தலைகீழாகிச் சிப் சில விநாடிகளில் கொதிக்கும்.

ஹெட்ஃபோனைத் தொடும் முன்

இந்தப் படியை யாரும் தாண்டக்கூடாது. வெறும் 3.5 மில்லிமீட்டர் பிளக் ஒன்றைச் செருகி, பாட்டை நிறுத்திவிட்டு, இடது, வலது இரண்டிலும் தரைக்கு எதிராக டிசி வோல்ட்டை அளங்கள். 10 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 50-ஐத் தாண்டினால் ஹெட்ஃபோனைச் செருகாதீர்கள். 2-ஆம் அல்லது 6-ஆம் கால் சாக்கெட்டுக்குள் போகாமல் சிப்புக்கு அடியில் மடிந்திருந்தால், வெளியீட்டைச் சிப்புக்குத் திருப்பி அனுப்பிக் கட்டுக்குள் வைக்கும் பின்னூட்டம் அறுந்து முழு மின்னழுத்தமும் வெளியே வந்து நிற்கும். ஹெட்ஃபோன் சுருள் எரிவது அப்படித்தான்.

கால்கள் எல்லாம் சரி, ஆனாலும் டிசி அதிகம் என்றால் காரணம் சிப்பின் வகை. என்இ5532-இன் உள்ளீட்டில் சுமார் 200 நானோஆம்பியர் ஓடும். அது 100 கிலோ ஓம் வழியாகப் போனால் 20 மில்லிவோல்ட், மூன்று மடங்கு பெருக்கினால் 60. ஒலிக்குமிழைத் திருப்பும்போது கரகரப்பதும் இதனால்தான். ஓபிஏ2134 போன்ற ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) உள்ளீட்டுச் சிப்பில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை.

அடுத்து ஐந்து நிமிடம் கழித்துச் சிப்பை விரலால் தொடுங்கள். வெதுவெதுப்பு சரி; விரல் வைக்க முடியாத சூடு என்றால் சுற்று நிலையாக நிற்காமல் தானாகவே அதிர்ந்துகொண்டிருக்கிறது (ஆசிலேஷன்). எல்எம்4562 போல 55 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ளவை, அதுவும் அடாப்டர் பலகைமேல் ஏற்றியவை, இதற்கு ஆளாகும். 4-க்கும் 8-க்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் ஒன்றை, கால்களைக் குட்டையாக வெட்டிப் பற்றவையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பழைய சிப்பையே போடுங்கள்.

ஒப்பிட்டுக் கேட்பது

குமிழ் சற்று நகர்ந்தாலே "சிறப்பாக" கேட்கும். அதனால் 100 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, வெளியீட்டில் ஏசி வோல்ட்டைக் குறித்துக்கொண்டு, இரண்டு சிப்புக்கும் அதே எண் வரும்படி குமிழை வையுங்கள். மலிவு மீட்டர்கள் 1,000 ஹெர்ட்ஸில் பிழை காட்டலாம், 100-இல் நம்பலாம். பிறகு தம்புரா மட்டும் ஒலிக்கும் பகுதியில் இரைச்சலையும், தவில் தனியில் அடியின் கூர்மையையும் கவனியுங்கள். இரைச்சல் குறையவில்லை என்றால் வியக்க வேண்டாம்: 10 கிலோ ஓம் மின்தடை தன்னளவிலேயே ரூட் ஹெர்ட்ஸுக்கு (இரைச்சலை அளக்கும் அலகு) 13 நானோவோல்ட் இரையும், ஓபிஏ2134-இன் இரைச்சல் வெறும் 8.