பழைய பிக்கப் வாங்கும் முன்: ரீகாலும் டிப்ஸ்டிக்கும்

எழுத்தும் எண்ணும் கலந்த 17 இலக்க விஐஎன்னை, அதாவது வண்டியின் அடையாள எண்ணை, தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு, முடிக்காத ரீகால் (குறையைச் சரிசெய்யத் தயாரிப்பாளர் வண்டியைத் திரும்ப அழைப்பது) இருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய உரிமையாளர் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தாலும் பொதுவாக இலவசமாகவே சரிசெய்து தருவார்கள். ரீகால் டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குக்கு என்றால் தள்ளிப்போடவே கூடாது. வெப்பத்திலும் ஈரத்திலும் அதை விரிக்கும் வாயுவைத் தரும் அம்மோனியம் நைட்ரேட் காலப்போக்கில் சிதைந்துவிடும். விரியும்போது, பையை ஊதும் இன்ஃப்ளேட்டர் வெடித்து உலோகச் சில்லுகள் பாயலாம்.

டீசல் வண்டியா? இன்ஜின் ஆயிலின் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவுங்கள். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்று டீசல் வாடையும் அடித்தால், புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டரில் கரி எரிவது அடிக்கடி பாதியில் நின்று, அதற்காகக் கூடுதலாகச் செலுத்திய டீசல் ஆயிலில் கலந்திருக்கலாம். கிட்டத்திலேயே ஓடிய வண்டிகளில் இது சகஜம்; கரி எரிய சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டுமே. முதலில் ஆயிலை மாற்றுங்கள், பிறகு நெடுஞ்சாலையில் 20–30 நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். டேஷ்போர்டில் டிபிஎஃப் எச்சரிக்கை விளக்கு எரிந்து, அதன் பிறகும் அணையாவிட்டால் ஸ்கேனர் வைத்துப் பார்க்க வேண்டியதுதான்.