குரோம்ல பக்கம் தானா ரீலோட் ஆகுதா?

நேத்து பெங்களூரு பர்ப்பிள் லைன் மெட்ரோல வரும்போது ஒரு கட்டுரை பாதி படிச்சுட்டு, வீட்டுக்காரர் அனுப்பின வாட்ஸப் மெசேஜ பாத்துட்டு திரும்பி வந்தா பக்கம் மறுபடி லோட் ஆகுது, கப்பன் பார்க் தாண்டி சுரங்கத்துக்குள்ள சிக்னலும் இல்ல, வெள்ளையா நிக்குது. இது நெட் பிரச்சனை இல்லங்க, ரேம் (போன் வேலை செய்யும்போது பயன்படுத்துற தற்காலிக மெமரி) பத்தலன்னா ஆண்ட்ராய்டு பின்னாடி இருக்கிற டேபை மெமரில இருந்து தூக்கிடும், நாம திரும்பி வந்ததும் முதல்லேர்ந்து லோட் பண்ணும்.

அதனால ஏறுறதுக்கு முன்னாடியே குரோம்ல மேல வலதுபக்கம் மூணு புள்ளிய தொட்டு, கீழ்நோக்கி அம்பு மாதிரி இருக்கிற டவுன்லோட் ஐகானை அமுக்கிடுங்க. அப்புறம் அதே மெனுல டவுன்லோட்ஸ்ல போய் திறந்தா நெட்டே வேண்டாம், ரீலோடும் ஆகாது. எனக்கு இதுதான் ரொம்ப நம்பிக்கையான வழி.

தேவையில்லாத டேப் எல்லாம் மூடிடுங்க, என் அம்மா போன்ல அறுபதுக்கு மேல திறந்து கிடந்துச்சு! போன் செட்டிங்ஸ்ல குரோமோட பேட்டரிய அன்ரெஸ்ட்ரிக்டட்னு வச்சா சில போன்ல ரீலோட் கொஞ்சம் குறையலாம். பக்கத்தோட உச்சில இருக்கும்போது விரலால கீழ இழுத்தாலும் ரீலோட் ஆகும், அதையும் கவனிங்க.

முக்கியமா ஃபார்ம் நிரப்பும்போது ஓடிபி பாக்க வெளிய போகாதீங்க, மேல வர்ற நோட்டிஃபிகேஷன்லயே பாத்துக்கோங்க.