வீட்டுக் கடன் கேட்கும் முன் கிரெடிட் கார்டு நிலுவையைச் சரிசெய்வது எப்படி?

மாதாமாதம் கார்டு பில்லைக் கெடு தேதிக்குள் முழுசாகக் கட்டுகிறோம், வட்டி என்று ஒரு ரூபாய்கூடப் போனதில்லை, அப்படியும் கடன் தகுதியைக் காட்டும் சிபில் ஸ்கோர் 750-ஐத் தொட மாட்டேன் என்கிறதே என்று வீட்டுக் கடனுக்கு அலையும்போது பலர் திகைக்கிறார்கள். ஒழுங்காகக் கட்டினீர்களா என்பது ஒரு கேள்வி. வங்கி உங்கள் கணக்கு விவரத்தை அனுப்பிய நாளில் கார்டில் எவ்வளவு நிலுவை நின்றது என்பது இன்னொரு கேள்வி. ஸ்கோர் இரண்டையும் பார்க்கிறது. இரண்டாவதைச் சரிசெய்ய இரண்டு மூன்று மாதம் போதும். ஆகவே வீடு பார்க்கத் தொடங்கும்போதே இதையும் கையில் எடுத்துவிடுங்கள்.

எந்த நாள் நிலுவை பதிவாகிறது?

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இந்தியாவில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. ரிசர்வ் வங்கி விதிப்படி 2025 ஜனவரி 1 முதல், வங்கிகள் இவற்றுக்குக் குறைந்தது 15 நாளுக்கு ஒரு முறையாவது தகவல் தர வேண்டும்: 15ஆம் தேதி நிலவரம் ஒன்று, மாதக் கடைசி நிலவரம் ஒன்று. இந்த இடைவெளி இன்னும் சுருங்கும் திசையில்தான் விதிகள் போகின்றன.

ஒரு கார்டின் லிமிட் 1.5 லட்சம், பில் போடும் தேதி 18, கெடு அடுத்த மாதம் 7 என்று வையுங்கள். பில் தொகை 80,000. மாதக் கடைசியில் அந்த 80,000 அப்படியே நிற்கும். 18க்குப் பிறகு ஆன செலவு ஒரு 30,000 அதன்மேல் ஏறியிருக்கும். ஆக 1,10,000, அதாவது லிமிட்டில் 73 சதவீதம். 7ஆம் தேதி பில்லை முழுசாகக் கட்டுகிறீர்கள். 15ஆம் தேதிக்குள் புதுச் செலவு 70,000 ஆகிவிடுகிறது. அது 47 சதவீதம். ஒரு நாள்கூடத் தாமதமில்லாமல் கட்டியவரின் கடன் ரிப்போர்ட், கடனில் கழுத்துவரை மூழ்கியவரின் ரிப்போர்ட் போலத் தெரிவது இப்படித்தான்.

இதற்கு வழி எளிது. பில் வரும்வரை காத்திருக்காமல் 12ஆம் தேதி ஒருமுறை, 27ஆம் தேதி ஒருமுறை, அன்றுவரை ஏறிய தொகையைக் கட்டிவிடுங்கள். 15ஆம் தேதி நிலுவை சில ஆயிரங்களில் நிற்கும், 18ஆம் தேதி பில்லும் சின்னதாக வரும். பில் சின்னதாக வருவதும் முக்கியம். அன்றைய நிலுவைக்குப் பதிலாகக் கடைசிப் பில் தொகையையே அனுப்பும் வங்கிகளும் உண்டு. மூன்று நாள் முன்னதாகக் கட்டச் சொல்வதற்குக் காரணம், ஆப் வழியாகக் கட்டும் பணம் கார்டில் வரவாக ஓரிரு வேலை நாள் ஆகலாம். செக் போட்டால் இன்னும் தள்ளிப்போகும்.

ஆட்டோபே (பில் தொகை வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே போகும் ஏற்பாடு) வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பில் வந்த பிறகு, கெடு தேதி நெருங்கும்போது நீங்கள் கையால் கட்டினால், ஆட்டோபேயும் பழைய பில் தொகையை எடுத்துவிடக்கூடும். பணம் தொலைந்துவிடாது, கார்டில் வரவாக நிற்கும். ஆனால் பத்திரப்பதிவு நேரத்தில் கையில் இருக்க வேண்டிய பணம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

எவ்வளவுக்குள் இருக்க வேண்டும்?

நிலுவை லிமிட்டில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று எல்லோரும் சொல்லும் எல்லை எந்தச் சட்டத்திலும் இல்லை. அது ஒரு நடைமுறைக் கணக்கு. விண்ணப்பிப்பதற்கு முந்தைய இரண்டு மாதமும் 10 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்பது எங்கள் கருத்து. கார்டையே தொடாமல் பூஜ்ஜியத்தில் வைக்க வேண்டிய அவசியமில்லை.

மொத்தக் கணக்கோடு ஒவ்வொரு கார்டின் கணக்கையும் பாருங்கள். 1 லட்சம் லிமிட் உள்ள கார்டில் 85,000, 2 லட்சம் லிமிட் உள்ள கார்டில் 5,000 என்றால் மொத்தத்தில் 30 சதவீதம்தான். ஆனால் முதல் கார்டு தனியாக 85 சதவீதத்தில் நிற்கிறது. கையில் இருக்கும் பணத்தை முதலில் அந்தக் கார்டில் கட்டுங்கள். (வட்டி ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் வரிசை மாறும். மாதம் 3.5 சதவீத வட்டி ஓடும் கார்டுக்குத்தான் முதல் இடம். ஸ்கோர் அப்புறம்.)

கார்டில் போட்ட இஎம்ஐயைப் பலர் இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 60,000 ரூபாய் போனை 12 மாத இஎம்ஐயாக மாற்றினால் மாதம் 5,000 என்றுதான் நாம் நினைப்போம். வங்கியோ மீதி அசல் முழுவதையும் லிமிட்டில் பிடித்து வைக்கிறது, நிலுவையாகவும் காட்டுகிறது. முன்கூட்டியே முடிக்கக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் கேட்பார்கள். நிலுவை பெரிதாக இருந்தால் அதைக் கொடுத்து முடிப்பது லாபம், இரண்டு மூன்று தவணைதான் பாக்கி என்றால் விட்டுவிடலாம். மனைவிக்கோ கணவருக்கோ வாங்கிக் கொடுத்த ஆட்-ஆன் கார்டின் செலவு, ரூபே கார்டை யூபிஐயில் இணைத்து மளிகைக் கடையில் ஸ்கேன் செய்யும் சில்லறை எல்லாமே முதன்மைக் கார்டுக்காரர் தலையில்தான்.

ஸ்கோரைவிடப் பெரிய அடி

ஸ்கோர் நன்றாக இருந்தாலும் நிலுவை இன்னொரு பக்கம் கடிக்கும். கடன் தொகையைத் தீர்மானிக்கும்போது பல வங்கிகள் கார்டு நிலுவையில் 5 சதவீதத்தை மாத இஎம்ஐ போலக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. ரிப்போர்ட்டில் 2 லட்சம் நிலுவை தெரிந்தால் மாதம் 10,000 ரூபாய் ஏற்கெனவே ஒரு கடனுக்குப் போகிறது என்று அர்த்தம் செய்துகொள்வார்கள். 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்று பார்த்தால், 10,000 ரூபாய் இஎம்ஐ சுமார் 11.5 லட்சம் கடனுக்குச் சமம். இரண்டு லட்சம் நிலுவையால் பதினோரு லட்சம் கடன் குறைகிறது. அடுத்த வாரமே கட்டிவிடுவேன் என்று கிளையில் சொன்னால், கட்டிய ரசீதும் புது ஸ்டேட்மென்ட்டும் கேட்பார்கள். அதை முன்கூட்டியே செய்துவிட்டால் ஒரு வாரம் மிச்சம்.

வட்டியிலும் வித்தியாசம் வரும். பல வங்கிகளின் வீட்டுக் கடன் வட்டி, ஸ்கோர் அடுக்குப்படி மாறுகிறது. 48 லட்சம் கடனுக்கு 20 ஆண்டில் 8.5 சதவீதம் என்றால் இஎம்ஐ சுமார் 41,655. 9 சதவீதம் என்றால் 43,187. அரை சதவீதம் கடைசிவரை நீடித்தால் 3.67 லட்சம் கூடுதல்.

இருக்கிற சேமிப்பையெல்லாம் கார்டில் கொட்டிவிடலாமா என்றால், கூடாது. 60 லட்சம் மறுவிற்பனை ஃபிளாட்டுக்கு அதிகபட்சம் 80 சதவீதம், 48 லட்சம்தான் கடன் கிடைக்கும். மீதி 12 லட்சம் கைப்பணம். அதற்கு மேல் தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்: 5.4 லட்சம். இந்த 17.4 லட்சத்தைத் தனியே ஒதுக்கிவிட்டு மிஞ்சுவதில் கார்டைக் கட்டுங்கள். மிஞ்சவில்லை என்றால் வீடு வாங்குவதை ஆறு மாதம் தள்ளிப்போடுவதே மேல். கார்டில் ரொக்கம் எடுத்து முன்பணம் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

இந்த நேரத்தில் செய்யக் கூடாதவை

பழைய கார்டை மூடாதீர்கள். கடன் வாங்காதவர் போலக் காட்டிக்கொள்ளலாம் என்று நினைத்து மூடினால் மொத்த லிமிட் குறைந்து சதவீதம் ஏறும். மாறாக, வங்கி தானாகவே லிமிட்டை உயர்த்தித் தருகிறேன் என்றால் சம்மதம் சொல்லலாம், செலவை ஏற்றாத பட்சத்தில். புதுக் கார்டுக்கு விண்ணப்பிப்பது, கார்டை அடைக்கப் பர்சனல் லோன் எடுப்பது இரண்டும் இப்போது வேண்டாம். கடன் கேட்டதாக ரிப்போர்ட்டில் விசாரணை ஒன்று பதிவாகும், புது இஎம்ஐயும் தொற்றிக்கொள்ளும். ஐந்தாறு வங்கிகளில் ஒரே வாரத்தில் விண்ணப்பம் போடச் சொல்லும் ஏஜென்டையும் தவிருங்கள்.

பாதி கட்டினால் போதும், முடித்துத் தருகிறோம் என்று பழைய பாக்கிக்கு அழைப்பு வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ரிப்போர்ட்டில் ‘செட்டில்டு’, அதாவது முழுசாகக் கட்டாமல் முடித்தது என்று விழும். முழுசாகக் கட்டி, ‘குளோஸ்டு’ என்று மாற்றச் சொல்லி, நிலுவையில்லாச் சான்றிதழும் வாங்குங்கள்.

ரிப்போர்ட்டை எப்போது எடுப்பது?

விண்ணப்பத்துக்கு மூன்று மாதம் முன். ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். உங்களுடையதை நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. இலவச ஆப்களில் தெரிவது வேறு நிறுவனத்தின் ஸ்கோராக இருக்கலாம், ஆகவே நீங்கள் போகும் வங்கி எதைப் பார்க்கிறது என்று கேட்டு அதை எடுங்கள். கூட்டு விண்ணப்பதாரர் இருந்தால் அவருடையதும் வேண்டும்.

லிமிட் சரியாக இருக்கிறதா, மூடிய கார்டு இன்னும் திறந்ததாகத் தெரிகிறதா என்று பாருங்கள். மாதவாரிக் கட்டத்தில் 000 என்றால் தாமதம் இல்லை. 030, 060 என்று எண் இருந்தால் அத்தனை நாள் தாமதம். உபயோகிக்காத கார்டுக்கு 500 ரூபாய் ஆண்டுக் கட்டணமும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 590 ரூபாய் பில் வந்து, யாரும் கவனிக்காமல் மாதக்கணக்கில் ஓடுவதுதான் இங்கே அடிக்கடி வெளிப்படும் விவகாரம். அதிக நிலுவையின் வடு, குறைந்த நிலுவை பதிவானதும் ஆறிவிடும். தாமதத்தின் வடு 36 மாதம் அந்தக் கட்டத்தில் நிற்கும். தவறான பதிவு என்றால் அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே புகார் போடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும்.

சாங்ஷன் கடிதம் (வங்கியின் கடன் ஒப்புதல்) வந்ததும் தளர்ந்துவிடுகிறவர்கள் அதிகம். பணத்தை விடுவிக்கும் முன் வங்கி மறுபடியும் ரிப்போர்ட்டைப் பார்க்கலாம், கட்டி முடிக்காத ஃபிளாட் என்றால் தவணை தவணையாகத்தான் பணம் வெளிவரும். மாடுலர் கிச்சன், ஏசி, சோபா எல்லாவற்றையும் கடைசித் தவணை பில்டர் கைக்குப் போன பிறகு கார்டில் தேய்த்துக்கொள்ளலாம்.